பகடை உருளட்டும், எல்லோரும் வந்த பிறகு

போர்டு கேம் ஆடுவதற்காக நண்பர்கள் கூடும் வீடுகளில் ஒரு வழக்கம் ஊன்றிவிட்டது. பெரிய ஆட்டத்தின் பெட்டியைத் திறக்கும் முன் சின்னதாக ஒரு பகடை ஆட்டம். நாலைந்து பகடை, ஒரு காகிதம், இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விதிகள். "எல்லாரும் வர்ற வரைக்கும் இதை உருட்டிட்டிருப்போம்" என்று யாராவது ஒருவர் சொல்வார், ஆட்டம் தொடங்கிவிடும். சென்னையில் நான் போய்வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூடல்களில் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். வழக்கம் நல்லது என்றே நினைக்கிறேன். அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. ஆள் சேரும்வரை பொழுதைத் தள்ளுவதற்காக ஆடும்போது பகடை ஆட்டத்தின் குறைகளெல்லாம் முன்னுக்கு வந்துவிடுகின்றன. அதன் நல்ல குணங்களுக்கு வேலையே இல்லாமல் போகிறது. எல்லோரும் வந்தபின், வந்தவர்களை ஒரு கூட்டமாக்குவதற்காக ஆடினால் கதையே வேறு.

முதலில் நல்ல குணங்கள். முதன்முறை வருகிறவரின் பயத்தைப் பகடையைப் போலப் போக்கக்கூடியது வேறொன்றும் இல்லை. கேட்டான் போன்ற எளிய ஆட்டத்துக்கே விதி சொல்லக் கால்மணி நேரம் ஆகிவிடும். டெர்ராஃபார்மிங் மார்ஸ், பிராஸ்: பர்மிங்காம் மாதிரியானவற்றுக்கு அரைமணிக்குக் குறையாது. மேசை முழுக்க அட்டையும் கட்டையும் வில்லையும் பரப்பியிருப்பதைப் பார்த்ததுமே "நீங்க ஆடுங்க, நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்று நழுவுகிறவர்கள் உண்டு. விதிகளைப் பார்த்து அவர்கள் பயப்படுவதில்லை. பழகியவர்கள் முன்னால் விவரம் தெரியாதவராகத் தெரிந்துவிடுவோமோ என்றுதான் தயங்குகிறார்கள். பகடைக்கு முன் அந்தத் தயக்கம் நிற்காது. பல வருடம் ஆடியவருக்கும் அன்றைக்கு வந்தவருக்கும் ஆறு விழும் வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். தோற்றால் "இன்னிக்குக் கை சரியில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். புத்தி தோற்றதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது, அது கைக்கும் வாய்க்கும் வேலை கொடுக்கிறது. வாரம் முழுக்க திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் பகடையை உள்ளங்கையில் குலுக்கி எறிகிறார். எறிந்ததும் ஆறு பேருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போகிறது. ஒருவர் ஐயோ என்கிறார், இன்னொருவர் கை தட்டுகிறார். வந்ததிலிருந்து பேசாமல் இருந்தவர் அப்போதுதான் முதல்முறையாக வாய் திறப்பார். வெறும் தேநீரும் பேச்சும் இந்த வேலையைச் செய்வதில்லை. பேச்சில் ஏற்கெனவே தெரிந்தவர்கள் தெரிந்தவர்களோடுதான் சேர்ந்துகொள்கிறார்கள்.

ஆனால் இந்த இரண்டு குணங்களும் எல்லாப் பகடை ஆட்டத்திலும் ஒரே அளவில் இல்லை. எந்த ஆட்டம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் பெரும்பாலான கூடல்களில் யோசிப்பதே இல்லை. கைக்கு எட்டிய சின்னப் பெட்டியை எடுத்துவிடுகிறார்கள்.

நான் உரைகல்லாக எடுத்துக்கொள்வது கான்ட் ஸ்டாப். அமெரிக்கர் சிட் சாக்சன் உருவாக்கி 1980இல் வெளிவந்தது. நான்கு பகடையை உருட்டி இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும். வரும் இரண்டு கூட்டுத்தொகைகளுக்கு உரிய வரிசைகளில் காய் ஏறும். 2 முதல் 12 வரை பதினோரு வரிசைகள். 7 அடிக்கடி வரும் என்பதால் அதன் வரிசை மிக நீளம், 13 கட்டம். 2ம் 12ம் அரிது என்பதால் அவற்றுக்கு மூன்றே கட்டம். ஒரு முறையில் மூன்று வரிசைகளில்தான் ஏறலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் உருட்டலாம். ஆனால் விழுந்த எண்களில் எதுவும் அந்த மூன்று வரிசைக்குப் பொருந்தாவிட்டால் அந்த முறையில் ஏறியதெல்லாம் போய்விடும். போதும் என்று நிறுத்தினால்தான் ஏறிய இடம் சொந்தம். மூன்று வரிசைகளின் உச்சியை முதலில் தொட்டவர் வென்றார்.

இதில் கணக்கு உண்டு. காய்கள் 6, 7, 8 வரிசைகளில் இருந்தால் அடுத்த உருட்டலில் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 92. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது. ஆனால் தொடர்ந்து எட்டு தடவை தப்பிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான். 2, 3, 12 வரிசைகளில் மாட்டிக்கொண்டால் ஒரே உருட்டலுக்கே நூற்றுக்கு 44தான் வாய்ப்பு. இந்தக் கணக்கு தெரியாமலும் ஆடலாம். கணக்கு தெரிந்தவருக்கும் முடிவு எளிதாகிவிடுவதில்லை. ஏனென்றால் எதிரில் இருப்பவர் உச்சிக்கு இரண்டு கட்டம் கீழே நிற்கும்போது பாதுகாப்பாக நிறுத்துவதே ஆபத்தாகிவிடும்.

மேசையில் அப்போது நடப்பதைப் பார்க்க வேண்டும். பகடை வைத்திருப்பவர் நிறுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கிறார். "போதும்க்கா, நிறுத்திடுங்க" என்கிறான் ஒருவன், தன் காய் அதே வரிசையில் இருப்பதால். "அவன் பேச்சைக் கேக்காதீங்க, இன்னொண்ணு உருட்டுங்க" என்கிறார் எதிரில் இருப்பவர், அவருக்கும் ஒரு காரணம் உண்டு. முன்பின் அறிமுகம் இல்லாத நான்கு பேர் ஒருவருடைய முடிவுக்காகத் தகராறு செய்கிறார்கள். இருபது நிமிடத்தில் யார் துணிந்தவர், யார் நிதானம், யார் பேச்சால் மனதை மாற்றப் பார்க்கிறவர் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. முன்னோட்ட ஆட்டம் தரக்கூடிய மிகப் பெரிய லாபம் இதுதான்.

இதோடு ஒப்பிட்டால் பிக் என்ற பழைய ஒற்றைப் பகடை ஆட்டம் சீக்கிரம் வற்றிவிடுகிறது. உருட்டிக்கொண்டே கூட்டலாம், 1 விழுந்தால் அந்த முறையில் சேர்த்ததெல்லாம் போச்சு, முதலில் 100 எடுத்தவர் வென்றார். கையில் 20 சேர்ந்ததும் நிறுத்துவதே நல்லது: அடுத்த உருட்டலில் கூடக்கூடியது சராசரியாக ஆறில் இருபது, இழக்கக்கூடியது 20இல் ஆறில் ஒரு பங்கு, இரண்டும் ஒன்றே. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இது கொஞ்சம் மாறும் என்றாலும், இந்த எண் தெரிந்தவருக்கு முடிவெடுக்க அதிகம் மிச்சமில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிக் நல்லது. பெரியவர்கள் கூடும் மாலைக்குப் போதாது.

பெரிய ஆட்டத்தோடு தொடர்பு இருந்தால் முன்னோட்டத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது. கிளவுஸ் டாய்பரின் கேட்டான் 1995இல் வந்தது. அதில் மிக முக்கியமான முடிவு ஆட்டம் தொடங்கும்போதே வந்துவிடும்: முதல் இரண்டு குடியிருப்புகளை எந்த எண்களுக்குப் பக்கத்தில் வைப்பது என்பது. இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் 7க்கு ஆறு வகை, 6க்கும் 8க்கும் ஐந்தைந்து, 2க்கும் 12க்கும் ஒவ்வொன்று. எண் வில்லைகளில் புள்ளிகளாகவே இதை அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் புள்ளியைக் காட்டி விளக்கினால் புதியவர் தலையாட்டுவார், 12க்குப் பக்கத்தில் வீடு கட்டுவார். சற்று முன்புதான் கான்ட் ஸ்டாப்பில் 12இன் வரிசையை நம்பி ஏமாந்தவருக்கு அந்த விளக்கமே வேண்டாம். பிராஸ், அக்ரிகோலா போன்ற ஆட்டங்களிலோ பகடையே கிடையாது. அவற்றுக்கு முன் உருட்டினால் கிடைப்பது கலகலப்பு மட்டும்தான். அதுவும் லாபம்தான், சிறிய லாபம்.

கர்நாடக இசைக் கச்சேரியை வர்ணத்தில் தொடங்குவது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைபெறச் செய்த முறை. குரலைப் பதப்படுத்தத்தான் வர்ணம் பாடுகிறார்கள். ஆனாலும் அது முழு உருப்படி, ராகத்தின் சாரம் அதில் இருக்கிறது, அதற்குரிய நேரத்தில் முடிந்தும்விடுகிறது. முன்னோட்ட ஆட்டத்தையும் அந்த மரியாதையோடு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இனி குறைகள். முதல் குறை, மற்றவர் முறை முடியக் காத்திருப்பது. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 2010இல் வெளியிட்ட ஜாம்பி டைஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பச்சை ஆறு, மஞ்சள் நான்கு, சிவப்பு மூன்று என 13 பகடைகள். பார்க்காமல் மூன்றை எடுத்து உருட்ட வேண்டும். மூளை விழுந்தால் புள்ளி, மூன்று துப்பாக்கி சேர்ந்துவிட்டால் அந்த முறையின் புள்ளியெல்லாம் போய்விடும், யாராவது 13 மூளை சேர்த்ததும் அந்தச் சுற்றோடு ஆட்டம் முடியும், அதிக மூளை வைத்திருப்பவருக்கு வெற்றி. விதி அழகாக இருக்கிறது. பச்சைப் பகடையில் மூன்று பக்கம் மூளை, சிவப்பில் மூன்று பக்கம் துப்பாக்கி என்பதால், எந்த நிறம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துத் துணிவதற்கும் இடமிருக்கிறது. மூன்று பேர் ஆடினால் இனிமை. ஆனால் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம் என்பதால் எட்டுப் பேர் கூட்டத்திலும் இதைத்தான் எடுக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலும் நம் முறை வர ஏழு நிமிடம். மற்றவர் உருட்டும்போது நாம் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் எடுக்கும் மூளையால் நம் புள்ளி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. மூன்றாவது சுற்றில் போன்கள் வெளியே வந்துவிடும். கூட்டத்தைச் சேர்க்க எடுத்த ஆட்டமே கூட்டத்தைப் பிரித்துவிடுகிறது.

இந்தக் காத்திருப்பைத் தீர்க்க வந்தவற்றில் ஒன்று குவிக்ஸ். ஸ்டெஃபன் பென்டார்ஃப் உருவாக்கியது, 2012இல் வந்தது; மறு ஆண்டு ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. யார் உருட்டினாலும் இரண்டு வெள்ளைப் பகடைகளின் கூட்டுத்தொகையை எல்லோரும் தங்கள் தாளில் குறித்துக்கொள்ளலாம். சும்மா இருக்கும் நேரமே இல்லை. ஆனால் ஒரு சிக்கல்: எல்லோரும் தலையைக் குனிந்து தங்கள் தாளைத்தான் பார்க்கிறார்கள். ஐந்து பேர் ஐந்து பரீட்சை எழுதுவது போன்ற அமைதி வந்துவிடுகிறது. நல்ல ஆட்டம்தான், நானும் விரும்பி ஆடுவேன். முன்னோட்டத்துக்கு வேண்டியது அதில் இல்லை.

ரூடிகர் டோர்ன் உருவாக்கி 2012இல் வந்த லாஸ் வேகாஸ் இரண்டையும் தீர்க்கிறது. ஒவ்வொருவருக்கும் எட்டுப் பகடை, மேசை நடுவே 1 முதல் 6 வரை ஆறு அட்டைகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விளையாட்டுப் பணம். பகடைகளை உருட்டி, விழுந்த எண்களில் ஒன்றைத் தேர்ந்து, அந்த எண் காட்டும் எல்லாப் பகடைகளையும் அதற்குரிய அட்டையில் வைக்க வேண்டும். சுற்று முடியும்போது ஓர் அட்டையில் அதிகப் பகடை வைத்தவருக்குப் பெரிய நோட்டு. ஆனால் இருவர் சம எண்ணிக்கையில் வைத்திருந்தால் இருவருக்குமே ஒன்றும் கிடையாது. இந்த ஒரு விதி ஆட்டத்தைத் தூக்கி நிறுத்துகிறது. நீங்கள் மூன்று வைத்திருக்கிறீர்கள், இரண்டு வைத்திருப்பவர் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தால் இருவருமே போனீர்கள். ஒற்றைப் பகடையோடு மூலையில் நின்றவர் பணத்தை எடுத்துக்கொள்வார். அதனால் அடுத்தவர் உருட்டல் ஒவ்வொன்றும் உங்கள் விஷயமாகிவிடுகிறது. கெஞ்சல், மிரட்டல், ஒப்பந்தம் எல்லாம் தானாக வரும். நான்கு சுற்றில் கட்டாயம் முடிந்தும்விடும். ஐந்து பேர் வரை ஆடலாம். ஐந்து பேர் கூடுகிற மாலைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோட்டத்தை நான் ஆடியதில்லை.

இரண்டாவது குறை, ஆட்டத்திலிருந்து ஆளை வெளியேற்றுவது. கோப்பைக்குள் ஐந்து பகடைகளை மறைத்துவைத்து, மேசையில் மொத்தம் இத்தனை நான்கு இருக்கும் என்று ஏலம் கூறி, நம்பாதவர் சவால் விடும் ஆட்டம் பெருடோ. தென் அமெரிக்காவில் வேரூன்றியது. அதே வகையைச் சேர்ந்த ரிச்சர்ட் போர்க்கின் பிளஃப் 1993இல் ஜெர்மனியின் அந்த விருதை வென்றது. பொய்யை முகத்தில் காட்டாமல் சொல்லும் சுகம் இதற்கு நிகராக வேறெதிலும் இல்லை. ஆனால் தவறும்போதெல்லாம் பகடை குறைந்துகொண்டே வரும், தீர்ந்தவர் வெளியே. முதலில் வெளியேறுகிறவர் அநேகமாகப் புதியவர்தான், ஏனென்றால் பொய்யைப் படிக்க அவருக்குத்தான் பழக்கம் இல்லை. யாரை உள்ளே இழுக்க ஆட்டம் வைத்தோமோ அவர் மாலையின் முதல் அரைமணியை வேடிக்கை பார்த்துக் கழிக்கிறார். முதல் ஆள் வெளியேறியதும் ஆட்டத்தை அங்கேயே முடித்து, அதிகப் பகடை வைத்திருப்பவரை வென்றவராக அறிவித்துவிடலாம். எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் செய்கிறோம். ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நம் தாயத்தை முன்னோட்டமாக வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை நியாயமானது. ஆனால் தாயத்தில் இதே குறை ஆரம்பத்திலேயே இருக்கிறது. 0, 1, 2, 3 என்று புள்ளி வைத்த இரண்டு தாயக்கட்டைகளில் ஒன்று 1ம் மற்றது 0வும் காட்டினால்தான் தாயம். பதினாறு வகையில் இரண்டு, அதாவது எட்டில் ஒன்று. தாயம் விழாமல் காயை இறக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் இரண்டு காய்களை வெட்டி முன்னேறிக்கொண்டிருக்க, நாம் இன்னும் கட்டத்துக்குள்ளேயே வரவில்லை என்பது தாயம் ஆடிய எல்லோருக்கும் தெரிந்த வேதனை. மத்தியானம் தொடங்கி விளக்கு வைக்கும்வரை ஆடுகிற ஆட்டத்தில் அந்த ஏக்கத்துக்கு ருசி உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதமும் தாயமும் ஆடியவர்களுக்கு நேரம் நீள்வதே வேண்டியதாக இருந்தது. தாயம் தன்னளவில் முழு மாலைக்குரிய ஆட்டம். அதை இருபது நிமிடத்தில் அடைப்பது அதற்குச் செய்யும் அநீதி.

முடிவே எடுக்கத் தேவையில்லாத ஆட்டங்களைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. லெஃப்ட் சென்டர் ரைட் அந்த வகை: பகடை சொல்லும் திசையில் வில்லையைத் தள்ளிக்கொண்டே இருப்போம், அவ்வளவுதான். அதைப் பணம் வைத்து ஆடும் பழக்கம் வெளிநாடுகளில் இருக்கிறது. நம் வீடுகளில் அது வேண்டவே வேண்டாம். பகடை என்றாலே சூது என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்கள் கவலைக்குக் காரணமும் இருக்கிறது. பத்து ரூபாய்கூட மேசைக்கு வரக் கூடாது.

மூன்றாவது குறை நேரம். பெட்டியில் 15 நிமிடம் என்று போட்டிருக்கும் ஆட்டம், ஆறு பேர் பேச்சும் சிரிப்புமாக ஆடும்போது அரைமணியைத் தொடுகிறது. தோற்றவர் "இன்னொரு ஆட்டம்" என்பார். மூன்று மணி நேர மாலையில் முக்கால்மணி கரைந்துவிட்டால், இரண்டு மணி நேர ஆட்டத்துக்கு விதி சொல்லவும் நேரம் இருக்காது. கடைசியில் பெரிய ஆட்டம் பாதியில் நிற்கும், அல்லது அவசரமாக முடியும். இதைவிட நுட்பமான இழப்பு ஒன்றும் உண்டு. உரக்கச் சிரித்து முடித்த கையோடு அரைமணி விதி விளக்கம் கேட்கச் சொன்னால் எவருக்கும் மனம் ஒட்டாது. எனவே வரிசையை மாற்றிப் பார்க்கலாம்: பெரிய ஆட்டத்தின் விதியை முதலில் சொல்லிவிட்டு, சந்தேகங்களைத் தீர்த்துவிட்டு, அதன்பின் பகடையை உருட்டி, முடிந்ததும் நேராகப் பெரிய ஆட்டத்துக்குள் போவது. நடுவில் ஊறிய நேரத்தில் விதிகளும் மனதில் படிந்திருக்கும். ஃபிளாட்டில் ஒரே மேசைதான் என்றால் அடுக்கிவைத்த காய்களைப் பகடை இடித்துத் தள்ளாமல் இருக்க, ஒரு தாம்பாளத்தில் பழைய துண்டை விரித்து அதற்குள் உருட்டலாம். சத்தமும் அடங்கும், பகடை சோபாவுக்கு அடியிலும் போகாது.

தொடக்கத்தில் சொன்ன வாசகத்துக்கு வருகிறேன். எல்லோரும் வரும்வரை ஆடுவது ஏன் சரியில்லை? தாமதமாக வருகிறவர் உள்ளே நுழையும்போது மற்றவர்கள் ஒரு ஆட்டத்தின் நடுவில் இருக்கிறார்கள். ஆட்டத்தைக் கலைத்தால் முன்னணியில் இருப்பவருக்கு வருத்தம். தொடர்ந்தால் வந்தவர் தனியாக உட்கார வேண்டும். இடையில் சேர்த்துக்கொண்டால் எல்லோரும் எட்டுப் புள்ளியில் இருக்க அவர் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும். போக்குவரத்தில் மாட்டி, ஏற்கெனவே மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு வருகிறவருக்கு இந்த மூன்றில் எதுவும் நல்ல வரவேற்பு இல்லை. இன்னொருவரும் விடுபட்டுப் போகிறார்: வீட்டுக்காரர். மற்றவர்கள் உருட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் பெரிய ஆட்டத்தை அடுக்குகிறார், காபி போடுகிறார், கதவைத் திறக்கிறார். அன்றைய மாலையில் எல்லோரையும் தெரிந்த ஒரே ஆள் அவர். எல்லோரையும் அறிமுகப்படுத்தும் ஆட்டத்தில் அவர் இல்லை. காத்திருக்கும் நேரத்துக்குச் சுண்டலும் பேச்சும் போதும். காய்களை அடுக்குவதை வந்தவர்களும் சேர்ந்து செய்யட்டும்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் கூடும்போது இதைச் செய்து பாருங்கள். கடைசி ஆளும் வந்து உட்கார்ந்த பிறகு, நீங்களும் உட்கார்ந்து, ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்கள். இதற்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. நான்கு பேர் வரை என்றால் நான்கு சாதாரணப் பகடை, ஒரு பெரிய காகிதம், ஆளுக்கு ஒரு நிறத்தில் பொத்தான்கள், நடப்பு முறையைக் காட்ட மூன்று புளியங்கொட்டை போதும். காகிதத்தில் 2 முதல் 12 வரை பதினோரு வரிசை போட்டு, 3, 5, 7, 9, 11, 13, 11, 9, 7, 5, 3 என்று கட்டங்களை வரையுங்கள். மொத்தம் 83 கட்டம். கான்ட் ஸ்டாப் ஆட இவ்வளவுதான் வேண்டும்.